ஒலெகாரியோவின் இலைப்புள்ளிகள்

ஒந்தினா லார்ரோசாவின் துணி அலமாரிக்குள் வளர்ந்த கஞ்சாச்செடியின் மேலிலைகளில் துருநிறப் புள்ளிகள் விழுந்த அன்று மத்தியானமே, அவள் கணவர் ஒலெகாரியோவின் இடது கையிலும் அதே புள்ளிகள் அதே வரிசையில் விழுந்தன. எங்கள் லா தெஹா பேட்டையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்தது. தெருவுக்குப் பேச அதுவே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு ஆறு செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த புதிது. மொந்தேவிதியோ நகரம் முழுக்க ரோஜா வளர்த்தவர்கள்கூட ரோஜாவைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைக் காலி செய்தார்கள். ஒந்தினா ஒன்றே ஒன்று வைத்தாள், முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்ச. முற்றத்தில் வைத்தால் சுவரேறித் தூக்கிப் போய்விடுவார்கள் என்பதால், ஒலெகாரியோவின் பழைய பேருந்து ஓட்டுநர் சீருடைகளை ஒதுக்கிவிட்டு அலமாரிக்குள் விளக்கைத் தொங்கவிட்டாள். ஒலெகாரியோ எங்கள் தெருவின் முர்காவில், அதாவது முகத்தில் சாயம் பூசிக்கொண்டு கார்னிவலில் பாடும் குழுவில், உச்சக்குரல்காரர். இரவின் கடைசியில் வரும் பிரியாவிடைப் பாட்டை அவர் எடுத்தால் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் நகர்ந்து வரும்; மாலுமிகளே வந்து கொஞ்சம் தணிந்து பாடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் தூங்கட்டும் என்று அவர் அலமாரிக்குள் தலையை விட்டுப் பயிற்சி செய்தார். அவர் விட்ட மூச்சைச் செடி குடித்தது. செடி விட்டதை அவர் குடித்தார். டிசம்பரில் வசந்தம் முடிவதற்குள் இருவருக்கும் இடையிலான எல்லை அழிந்துபோயிற்று. அவள் அடியிலைகளைக் கிள்ளினால் இவர் தாடி மழித்த முகத்தோடு காலை உணவுக்கு வருவார்.

புள்ளிகள் பெருகப் பெருக அவர் குரல் மேலிருந்து கீழாக உதிர ஆரம்பித்தது. முதலில் உச்ச சுரங்கள் போயின. கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரியாவிடைப் பாட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று முர்காவில் முணுமுணுத்தார்கள். ஒலெகாரியோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாடாமல், அந்தப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் ஒந்தினாவால் முடியவில்லை.

தெருவே வைத்தியத்துக்கு வந்தது. கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்ற, தூக்கத்தை விரட்டும் கசப்பு இலைத்தேநீர்க் கிண்ணமுமாக, வரிசையாகப் படுக்கையறைக்குள் நுழைந்து கட்டிலில் உட்கார்ந்து இலையைப் பார்த்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற தபாரே, மேலிலையில் துருப்புள்ளி என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார். முடிதிருத்தும் மிர்த்தா, அடியிலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க நடுவெல்லாம் மஞ்சளாவதைக் காட்டி, இது மக்னீசியம் என்று அடித்துச் சொல்லிப் பேதி உப்பைக் கரைத்து ஊற்றினாள். ஒலெகாரியோ இரண்டு நாள் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு தபாரே கோழி எருவைக் கொட்ட, இலை நுனிகள் கருகின. ஒலெகாரியோவின் மீசை நுனிகளும் கருகின, தெருமுனை வரை நாற்றம் வந்தது. ஊட்ட ஊட்ட இருவரும் மெலிந்தார்கள்.

ஒரு மழை நாளில் தோர்த்தா ஃப்ரீத்தா என்ற மாவு அப்பத்தைப் பொரித்து நீட்டினபோது ஒலெகாரியோ தொடவில்லை. நெஞ்சு எரிவதாகவும், ஆட்கள் வர ஆரம்பித்ததிலிருந்தே வாயெல்லாம் புளிப்பதாகவும் சொன்னார். ஒந்தினா வாணலியை அப்படியே இறக்கி வைத்தாள்.

"கிழவா, ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ செடியத்தானே விசாரிச்ச. என்னை யாரு கேட்டா?"

அவள் போய்த் தொட்டி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். எலுமிச்சையைவிடப் புளித்தது. சத்துக் குறையவே இல்லை. எல்லாம் மண்ணில் குவிந்து கிடந்தது, புளித்த மண்ணில் வேர் வாய்திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தபாரே வந்து கட்டிலில் உட்கார்ந்தார், கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினார், தூளும் கசப்புமான முதல் வாய் மாத்தேயை எங்கள் ஊர் வழக்கப்படி உறிஞ்சி, கழுவுதொட்டி தூரம் என்பதால் கைக்கெட்டிய செடித்தொட்டியில் துப்பினார்.

"தினமும் இதுலதான் துப்புறியா?"

"எல்லாரும்தான் துப்புறாங்க. பச்சை இலைச்சாறு, உரம்தானே?"

"உரமா? என் புருஷன் வாயில துப்பியிருக்கீங்கடா, தெருவே சேர்ந்து."

தபாரே அதை யோசித்துப் பார்த்து, ஒலெகாரியோவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மழைநீர் பிடிக்க வாளி எடுத்துவந்தார். அன்று சாயங்காலம் வரை மண்ணை வெறும் மழைநீரால் கழுவினார்கள். தொட்டியின் அடியில் நீர் வழிந்தபோது ஒலெகாரியோவின் குதிகால்களிலிருந்தும் வழிந்தது, பச்சையாக, தெருவிலுள்ள எல்லோருடைய மாத்தே வாசமும் கலந்து. வாசலைத் தாண்டி ஓடைவரை போயிற்று. அந்த ஓடையின் மீன்கள் அந்தக் கோடை முழுக்கத் தூங்கவில்லை.

பழைய புள்ளிகள் ஆறவில்லை; கெட்ட இலை கெட்டதுதான். ஆனால் உச்சியில் வந்த தளிர் மாசில்லாமல் வந்தது, அதோடு உச்ச சுரமும் வந்தது. அந்தத் தளிர்க் கிளையில் ஒன்றை ஒந்தினா கிள்ளி, சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வைத்தாள். பிப்ரவரியில் அவர் பிரியாவிடைப் பாட்டைப் பாடினார். அந்த இரவைப் பார்த்தவர்கள் இன்றும் மேடை இருந்த மூலையைக் கடக்கும்போது, அங்கே இப்போது டயர் கடை என்றாலும், தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

மார்ச்சில் மொட்டுகள் கனத்து, இலைகள் மறுபடி மஞ்சளாயின. தெரு மறுபடி உரப் புட்டிகளோடு வந்தது. ஒந்தினா கதவில் குறுக்கே நின்றாள்.

"இது நோய் இல்ல. முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான். போய் உங்க வீட்டுச் செடியப் பாருங்க."

மறுநாள் அறுத்தாள். ஒலெகாரியோ கட்டிலில் படுத்து, காய்ந்த புல்லின் வாசத்தோடு, ஜன்னல் தம்ளரில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும் வரை தூங்கினார். எழுந்ததும் தாகமாயிருக்கிறது என்றார்.

அதற்குப் பின் எத்தனையோ செடிகள் அந்த அலமாரியில் வளர்ந்து அறுபட்டன. ஒவ்வொரு கார்னிவலிலும் அவர் பாடுகிறார், இடது கையில் அதே புள்ளிகளோடு. வாசற்படியில் ஒரு தகர வாளி இருக்கிறது. முதல் மாத்தேயை அதில் துப்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.