பின்னால் வந்த குரல்

முகுந்தனும் புனிதனும் கல்லூரியில் ஒரே கூடைப்பந்துக் குழு. குழுவில் தமிழர்கள் இவர்கள் இருவர்தான். அதனால் ஆட்டத்தில் தமிழிலேயே கூப்பிட்டுக்கொள்வார்கள். "மாப்ள, பின்னாடி" என்று முகுந்தன் குரல் கேட்டால் போதும், திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் தள்ளிவிடுவான் புனிதன்.

இப்போது முகுந்தன் மலேசியத் தரைப்படையில், புனிதன் கடற்படையில். படைகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள். நன்றாக ஆடுகிறவர்களை முப்படைக் குழுவுக்கு எடுப்பதாக இருந்தது. புனிதன் அதற்காகத்தான் விடுமுறைக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் பயிற்சி செய்தான்.

கடைசி நிமிடம். கடற்படை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து வைத்திருந்த புனிதனை இரண்டு பேர் மறித்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் முகுந்தன் நின்றான். தெரிந்தேதான் கத்தினான்.

"மாப்ள, பின்னாடி."

பந்து நேராக அவன் கைக்கு வந்தது. ஓடிப் போய்ப் போட்டான். தரைப்படை ஜெயித்தது. சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது முகுந்தன் பெயர் வந்தது. புனிதன் பெயர் வரவில்லை.

ஏற்கெனவே பேசிவைத்தபடி ஒரே காரில் புக்கிட் ரோத்தானில் இருக்கும் புனிதன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். புனிதனின் அம்மா லெட்சுமி இருவருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார். வழியில் செம்பனைக் காடு வந்தபோது முகுந்தன் கேட்டான்.

"ஒங்க கோச் என்னா கேட்டாரு?"

"ஏன்டா எதிராளிகிட்ட குடுத்தேன்னாரு. கை வழுக்கிருச்சுன்னேன்."

"நான் கூப்ட்டேன்னு சொல்லலியா?"

"பழைய கூட்டாளி கூப்ட்டான், குடுத்துட்டேன்னா? சிரிப்பானுங்க லா."

வீட்டில் நண்டுக் குழம்பு.

"யாருடா ஜெயிச்சது?" என்றார் லெட்சுமி.

"ஒங்க இன்னொரு மவந்தான். நண்டோட பெரிய கொடுக்க அவன் தட்டுல போடுங்கம்மா."

போட்டார். முகுந்தன் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஒங்க கோச் நம்பர் குடுடா."

"மொதல்ல சாப்புடு."

"குடுடா."

"சொன்னா ஒன் எடமும் போயிரும்டா."

"போவட்டும்."

புனிதன் நண்டை உடைத்துக்கொண்டே இருந்தான். லெட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாடா எடம்?"

"நான் இவன ஏமாத்தி ஜெயிச்சேன்மா," என்றான் முகுந்தன். "அதனால இவன எடுக்கல."

லெட்சுமி கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"நம்பர குடு, புனிதா," என்றார்.

புனிதன் இடது கையால் தன் கைப்பேசியை மேசைமேல் நகர்த்தினான். முகுந்தன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். லெட்சுமி அவன் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்தார்.