போறணைக்கு எதிரான மன்றாட்டு

பஸ்தியாம்பிள்ளை மன்றாட்டுச் சொல்ல எழும்பினாரென்றால் கோயிலில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும், மற்றப் பாதிப் பேருக்குக் காது நீளும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனுசன். காலையில் வானொலிச் செய்தி, பின்னேரம் பத்திரிகை, இரண்டுக்கும் நடுவில் ஊர்வம்பு. முன்பெல்லாம் இதைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்தான் கொட்டிக்கொண்டிருந்தார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து, சனங்களும் எழும்பித் தங்கள் மன்றாட்டைச் சொல்லலாம் என்று பாதர் அறிவித்த நாளிலிருந்து கடவுளின் தலையில் கொட்டத் தொடங்கினார். இவர் ஒருவர் அறிவிக்காவிட்டால் உலகத்தில் நடப்பது ஒன்றும் தெரியாமல் அந்தாள் பாவம் அந்தரித்துப்போய் நிற்கும் என்ற நினைப்பு.

அது எழுபத்து மூன்றாம் ஆண்டு ஒக்டோபர். கடையில் அரிசி இல்லை, மா இல்லை, சீனி கண்ணிலும் இல்லை. கோயிலுக்கு நேரெதிரே, துறைமுக வீதியில் யோசேப்பின் போறணை, பெரிய அடுப்பும் பாண் விற்கிற கடையுமாக, இருந்தது. அரசாங்கம் அளந்து கொடுக்கிற மாவில் பின்னேரம் ஒரு தடவை பாண் சுடுவான். ஆளுக்கு ஒரு றாத்தல் பாண். அதற்கு மத்தியானத்திலிருந்தே வெயிலில் வரிசை நிற்கும், இடிபடும், வாயில் வந்ததெல்லாம் பேசும்.

அந்த ஞாயிறு பஸ்தியாம்பிள்ளை முதலில் அரபுக்காரருக்கும் யூதருக்கும் நடக்கிற சண்டையைக் கடவுளுக்கு விளக்கினார். எண்ணெய் விலை ஏறப்போகிறது என்றார். சனம் வழக்கம்போல, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"எங்கள் ஆலயத்துக்கு முன்னாலேயே போறணை வைத்துக்கொண்டு, சொந்தச் சபையின் பிள்ளைகள் வெயிலில் காய, பக்கக் கதவால் சோனகருக்குப் பாண் கடத்துகிற துரோகியின் அடுப்பை அவித்துப்போடும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

கோயில் முழுக்க ஒரே குரல். அந்தக் குரலுக்குள் எல்லாருக்கும் மேலே எழும்பிக் கேட்டது கிறிஸ்டினுடைய குரல். அவள் பாட்டுக் குழுவில் முதல் குரல். யோசேப்பின் பெண்சாதியும் அவள்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதற்கு அவளை மட்டும் பேசி என்ன செய்ய? தலைமுறை தலைமுறையாக லத்தீனில் விளங்காமல் பதில் சொல்லிப் பழகிய வாய்கள், தமிழ் வந்த பிறகும் விளங்காமல்தான் சொல்லிக்கொண்டிருந்தன. பாதர் நிறுத்தினால் நாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும். யாராவது எழும்பி எங்கள் கூரைகளைக் கொளுத்தும் ஆண்டவரே என்றாலும் அந்தச் சபை கேட்டருளும் என்றுதான் சொல்லியிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் யோசேப் குசினிக்குள் வந்து, கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"பழக்கத்தில சொன்னனியோ, மனசோட சொன்னனியோ?"

"ஐயோ, என்ன கதை இது? வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

"ம்," என்றான்.

அந்த 'ம்' அவளைச் சுட்டது. ஏனென்றால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சோனகரின் நோன்பு மாதம் தொடங்கியதிலிருந்தே இரண்டு பேருக்கும் இதே சண்டைதான். தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் நின்று, பின்வீதி லைலா ஒருநாள் வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து நோன்பு பிடிக்கிற ஏழெட்டு வீட்டுக்கு மட்டும் யோசேப் பாணை ஒதுக்கிவைத்துப் பக்கக் கதவால் கொடுத்தான். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு றாத்தல்தான், அதே காசுதான். கடத்தலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஆனால் கிறிஸ்டினுக்குப் பிடிக்கவில்லை. "எங்கட சனம் பாத்துக்கொண்டு நிக்குது. அவையளும் நிண்டு வாங்கட்டுமே. உங்களுக்கு ஏன் இந்த விசர்?" என்று அவள் கத்தாத நாள் இல்லை. லைலாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே அன்று கோயிலில் சொன்னது வெறும் பழக்கம்தான் என்று அவளால் தனக்குள்ளேயே அடித்துச் சொல்ல ஏலவில்லை. வெட்கத்தில் அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முழுவதையும் பஸ்தியாம்பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டாள்.

அந்த மனுசனும் மன்றாட்டோடு நின்றாரா? திங்கட்கிழமையே உணவுக் கட்டுப்பாட்டுக் கந்தோருக்கு நடந்து போய், இந்தப் போறணை மா முழுவதும் சோனகருக்குத்தான் போகிறது, கோயில் சனமான வேதக்காரருக்கு ஒரு துண்டும் இல்லை என்று முறைப்பாடு வைத்தார். விசாரணைக்கு ஒருவர் வருவார், குற்றம் உண்மையென்று கண்டால் மாவை நிறுத்திவிடுவார்கள் என்ற செய்தி புதன்கிழமை யோசேப்பின் காதுக்கு வந்தது. மா நின்றால் அடுப்பு நின்றது. அடுப்பு நின்றால் அவர்களுக்குச் சோறில்லை. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

வரிசையிலும் பேச்சு மாறியது. "மரைக்கார் யோசேப்பு, பாண் வெந்திட்டுதோ?" என்று இளந்தாரிகள் சோனகப் பட்டம் சூட்டிப் பகிடி பண்ணினார்கள். யாரோ பக்கக் கதவில் சாணி அப்பினார்கள். அன்றிலிருந்து நோன்புக்காரரும் வரிசைக்கே வந்து நின்றார்கள். கிறிஸ்டின் பாதரிடம் ஓடினாள்.

"பாதர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அந்தாள் முறைப்பாட்டை எடுக்கும்."

பாதர் மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்தவர், இளம் ஆள், சண்டை என்றால் ஒதுங்குகிற சுபாவம். "செபியுங்கோ அம்மா. எல்லாத்தையும் ஆண்டவரிட்டச் சொல்லுங்கோ," என்றார்.

"நல்லது பாதர். சொல்லுறன்," என்றாள் கிறிஸ்டின்.

அடுத்த ஞாயிறு பஸ்தியாம்பிள்ளை செய்தி அறிக்கையை முடித்து உட்காருமுன் பெண்கள் பக்கத்தில் கிறிஸ்டின் எழும்பினாள். பாட்டுக் குரல், கடைசி வாங்குப் பலகைவரை தெளிவாகப் போயிற்று.

"போன ஞாயிறு எங்கள் அடுப்பு அவியவேண்டும் என்று மன்றாடின எல்லாருடைய தொண்டையிலும், எங்கள் போறணைப் பாண் இறுகி நிற்கவேண்டும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

பஸ்தியாம்பிள்ளையும் சொன்னார். அவருடைய பெண்சாதி ஐவியும் சொன்னாள். மூன்றாம் வாங்கில் யாரோ "என்னது?" என்றார்கள். பிறகு பாருங்கள், வெளியே போறணைக் கூரையில் கரைகிற காகங்களின் சத்தம்கூடக் கேட்டது. பாதர் திடுக்கிட்டு இரண்டு பக்கத்தை ஒரேயடியாகப் புரட்டிப் பூசையைத் தொடர்ந்தார்.

தங்கள் வாயாலேயே தங்களுக்குச் சாபம் கேட்டு, அதையும் கோயிலில் வைத்துக் கேட்டாயிற்று. போதாக்குறைக்கு அன்று மத்தியானம் பஸ்தியாம்பிள்ளைக்குச் சாப்பாட்டில் புரையேறி, கண் பிதுங்கி, முதுகில் குத்தித்தான் மூச்சு வந்தது. நாள் முழுக்கச் சுருட்டுப் புகைக்கிற மனுசனுக்கு இருமாமல் என்ன செய்யும்? ஆனால் ஊர் அப்படியா கதைக்கும்! பொழுதுபடுமுன் அவர் செத்துப் பிழைத்தார் என்று கதை சல்லிக் கிராமம்வரை போய்விட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் பாண் வெளியே வந்தபோது வரிசையில் ஒரு வேதக்காரரும் இல்லை. முஸ்லிம் சனம் நின்றது, சைவச் சனம் கொஞ்சம் நின்றது. செவ்வாயும் அப்படித்தான். வேதக்காரப் பெண்கள் எதிர்ப்பக்கம் கோயில் மதிலோரம் நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் பாண் வாசத்துக்கு அழுதால் அறைந்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்டினுக்கு முதல் நாள் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? நல்லாக் கிடவுங்கோ பட்டினி என்று மனதுக்குள் ஒரு ஆட்டமே போட்டாள்.

பாதர் போறணைக்கே வந்தார். "அம்மா, அந்த மன்றாட்டைத் திரும்ப எடுங்கோ."

"முதல்ல அவர் எடுக்கட்டும் பாதர். முதல் கேட்டது அவர்தானே?"

பாதர் போன பிறகு யோசேப் மாப்பலகையைச் சுரண்டிக்கொண்டே பேசினான். பத்து நாளில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நாளைக்குக் கந்தோர் ஐயா வாறார். பஸ்தியாம்பிள்ளை சொன்னது பொய். ஆனா அவர் வந்து வரிசையைப் பாத்தா என்ன காணுவார்? ஒரு வேதக்காரர் இல்லை. அந்தாள்ர பொய்யை நீ உண்மையாக்கிப்போட்டாய், கிறிஸ்டின்."

அவள் கதவால் எதிர்ப்பக்கக் கோயில் மதிலைப் பார்த்தாள்.

"இன்னொண்டு," என்றான். "நீ போன ஞாயித்துக்கிழமையில இருந்து பாண் தொடேல்ல. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். மற்றவையப்போல நீயும் பயப்படுறாய்."

உண்மையிலேயே பயம்தான். சாபம் கேட்டவளே அந்தச் சாபத்துக்குள் நின்றாள்.

மறுநாள் கந்தோர் ஐயா சைக்கிளில் வந்தார். இராசையா என்று பெயர், காய்ந்த முகம், வெயிலில் வந்த எரிச்சல். வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். எதிர்ப்பக்கம், ஒக்டோபர் மாதச் செபமாலைக்கு வந்த சனமெல்லாம் மதிலோரம் கூடிவிட்டது. முன்னுக்கு வெள்ளை வேட்டியோடு பஸ்தியாம்பிள்ளை.

"முறைப்பாடு சரிபோலத்தான் கிடக்கு," என்றார் இராசையா. "இந்த மா வட்டாரத்துச் சனம் எல்லாருக்கும் எண்டு தந்தது. வேதக்காரர் ஒருத்தரையும் வரிசையில காணேல்லயே?"

"அவையள் வரமாட்டினமாம் ஐயா," என்றான் யோசேப்.

"ஏன் வரமாட்டினம்? குடுத்தால் வருவினம்தானே. நீர் குடுக்கிறேல்ல. நான் மாவை நிப்பாட்டச் சொல்லி எழுதவேண்டித்தான் வரும்."

வரிசையில் நின்ற லைலா முன்னுக்கு வந்தாள். "பக்கக் கதவால எங்களுக்குத் தந்ததுதான் ஐயா பிரச்சினை. இனி எங்களுக்குப் பாண் வேணாம். இந்த மனிசன்ட அடுப்பை அணைச்சிராதீங்க."

கிறிஸ்டினுக்கு அதைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் முகம் திருப்பிய ஒருத்தி, நோன்பு வாயோடு நின்று, இவளுடைய அடுப்புக்காகக் கெஞ்சுகிறாள். கிறிஸ்டின் சூடான பாண் ஒன்றை எடுத்துக்கொண்டு வீதி நடுவுக்குப் போனாள்.

"எல்லாரும் கேளுங்கோ! பஸ்தியாம்பிள்ளை அண்ணை என்ர மனிசன்ர அடுப்பு அவியவேணும் எண்டு மன்றாட, நானும் கேட்டருளும் எண்டு சொன்னனான். பழக்கத்தில எண்டு இவருக்குச் சொன்னன். அது முழு உண்மை இல்லை. இவையளுக்குப் பாண் குடுக்கிறது எனக்கும் பிடிக்கேல்ல. அப்ப முதல்ல என்ர தொண்டையிலதான் இறுகவேணும். பாருங்கோ!"

பிய்த்தாள். வாய் நிறைய அடைத்தாள். வெயிலும் பயமும் சேர்ந்து வாய் காய்ந்து கிடந்தது. பாண் மெல்ல மெல்லப் பெருகியது. இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. யோசேப் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தான், கையால் தட்டிவிட்டாள். தண்ணீர் குடித்தால் இறுகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களே. கழுத்து நரம்பு புடைக்க ஒரு விழுங்கு, இன்னொரு விழுங்கு. இறங்கியது.

"இறங்கிப்போட்டுது!" என்று மூச்சு வாங்கக் கத்தினாள். "செத்தனானோ? இல்லையே! உங்கட பிள்ளையளை ஏன் பட்டினி போடுறியள்?"

பிறகு மதிலோரத்திலிருந்து ஒரு பெண் வீதிக்கு இறங்கினாள். பஸ்தியாம்பிள்ளையின் பெண்சாதி ஐவி.

"ஐவி!" பஸ்தியாம்பிள்ளை கத்தினார். "இஞ்ச வா! அந்தக் கள்ளன்ர பாணை என்ர வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது!"

ஐவி திரும்பிப் பார்த்தாள். "வீட்டில பேரப்பிள்ளையள் பசியில கிடந்து கத்துதுகள். உங்கட மன்றாட்டையோ நான் வெட்டிக் குடுக்கிறது?"

வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. ஐவி நேரே கிறிஸ்டினிடம் வந்து, காசை நீட்டி, முகத்தைச் சுளித்தாள். "உன்னோட கொண்டாட வரேல்ல. நீ சாபம் போட்டதை நான் மறக்கமாட்டன். ஒரு றாத்தல் தா."

இராசையா பேனையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். யோசேப் அவசர அவசரமாக ஒரு பாணை எடுத்து நீட்டினான். கிறிஸ்டின் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வரிசையில நில்லுங்கோ அக்கா," என்றாள். "லைலாவுக்குப் பின்னால."