யுத்தக் கல் போன வழி

சிலுவைத்துறையின் யுத்தக் கல் நாளொன்றுக்கு ஒரு நெல்லளவு கடலை நோக்கி நகர்கிறது. முதல் உலக யுத்தத்துக்குப் போன ஊர்க்காரர்களின் நினைவாக 1921-இல் கோயில் வாசலில் நட்ட ஆளுயரக் கருங்கல் அது. முதல் இருபது வருஷம் கோயில்தான் பின்வாங்குகிறது என்று ஊரார் நினைத்தார்கள். அன்றைய பங்குச் சாமியார் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, கோயில்மேல் குற்றமில்லை என்று பூசையில் அறிவித்தார். அதற்குப் பிறகு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கல் கிட்டே வந்தால் கைப்பந்துத் திடலைத் தள்ளி வைத்தார்கள், பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்தார்கள். ஒருமுறை சாலை போட வந்தவர்கள் கிரேன் வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். கிரேன் குப்புற விழுந்தது, கல் அன்றைய நெல்லளவை நகர்ந்து முடித்தது. அதனால்தான் 2009-இல் மரியான் கல்லுக்கு நேர் எதிரே, முப்பது மீட்டர் தள்ளி வீடு கட்டியபோது யாரும் தடுக்கவில்லை. “அது வந்து சேர பன்னெண்டு வருசம் ஆகும்லே, அதுக்குள்ள நாம மாடி எடுத்துருவோம்” என்றான் மரியான். மாடி எடுக்கவில்லை. 2017 கார்த்திகையில் மீன்பிடிக்க வல்லத்தோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, வல்லமும் திரும்பவில்லை. அவன் மனைவி கிளாடிஸ் துக்க மணி அடிக்கவிடவில்லை. அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள், இரண்டும் அவள் காதுக்கு வந்தன.

கல்லில் மூன்றே வரிகள். போனவர் உச, வந்தவர் கஅ, மாண்டவர் ரு. தொண்ணூற்றெட்டு வருஷம் ஊர் அதை முதலெழுத்துகளாகவே வாசித்தது. உவரிச் சந்தியாகு போனார், கப்பல்கார அந்தோணி வந்தார், ருபீனுஸ் மாண்டார் என்று மூன்று வீரர்கள் கிடைத்தார்கள். அவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட மூன்று குடும்பங்கள் கல்லறைத் திருநாளுக்கு முதல் மாலை யார் போடுவது என்று வருஷம் தவறாமல் சண்டை போட்டன. போனவரே ஏன் வந்தவராக இல்லை என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் பொழுது இல்லை. 2019-இல் நாசரேத்திலிருந்து ஜெபசீலன் என்ற தமிழாசிரியர் பழைய கல்வெட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். அவை எழுத்தே அல்ல, பழைய தமிழ் எண்கள். போனவர் இருபத்துநாலு. வந்தவர் பதினெட்டு. மாண்டவர் ஐந்து.

மூன்று குடும்பங்களும் வரிகளை மறுபடி மறுபடி தடவிப் பார்க்க, கிளாடிஸ் மட்டும் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

“அப்ப ஒருத்தரக் காணலையே சார்.”

“வெட்டினவன் கணக்குல தப்பு விட்டிருப்பாம்மா.”

“கல்லுல வெட்டுதவன் மூணு தடவ எண்ணாம உளிய வைப்பானா சார்? போயிருக்கான், வரல. செத்தான்னு சொல்லவும் ஆளில்ல. அவன எந்த வரியில எழுதுவாங்க?”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். இரண்டு வருஷத்தில் ஊர் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான். கல் யாரைத் தேடிக் கடலுக்குப் போகிறது என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாலை போடுவதையும் நிறுத்தவில்லை, மூன்றுக்குப் பதில் இருபத்துநாலு மாலையாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஜெபசீலன் எழுதிய கட்டுரையால் கல் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. சின்னத்தைத் தொடக்கூடாது என்பது விதி. அதன் வழியில் நிற்கும் வீட்டை இடிக்கலாம் என்பதும் விதி. நாலு மைல் உள்ளே புதுக் காலனியில் கிளாடிசுக்கு வீடு ஒதுக்கினார்கள். கக்கூஸ், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. ஊரில் பாதிப் பேர் அவளுக்கு யோகம் அடித்தது என்றார்கள்.

அளக்க வந்த அதிகாரியை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள் கிளாடிஸ். “அவியளுக்கு இந்த வீடுதான் சார் தெரியும். நான் அங்கன போயிட்டா, வாரவிய இங்கன வந்து யார்ட்ட கேப்பாவ?”

அதிகாரி காப்பியைக் குடித்து முடித்து, கல் வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். கிளாடிஸ் கொத்தனார் ஜேசுபாதத்தைக் கூப்பிட்டாள். கல்லைத் தொடக்கூடாது என்றுதானே விதி, சுவரைத் தொடலாமே. 2021-இல் கல் மேற்குச் சுவரைத் தொடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஜேசுபாதம் அதன் அளவுக்கு வழி வெட்டிவிட்டார். மேலே உத்தரம் கொடுத்ததில் கூரைக்கு ஒரு சேதமும் இல்லை.

மூன்று வருஷம் கல் வீட்டுக்குள் இருந்தது. முதல் வருஷம் வாசல் பக்கம் நின்றதால் குடையும் பையும் அதில் தொங்கின. இரண்டாம் வருஷம் கட்டிலை ஒதுக்கிப் போட்டாள். மூன்றாம் வருஷம் அடுப்படியில் நின்றது; தாளிக்கும்போது அதன்மேல் எண்ணெய் தெறித்தால் துணியால் துடைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மாலையோடு உள்ளே வந்தது, எல்லாருக்கும் காப்பி போட அவளுக்குப் பால்தான் போதவில்லை. தொல்லியல் துறை ஆட்கள் மாதம் ஒருமுறை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அளந்து போனார்கள். வீட்டை இடிக்கும் கோப்பு எங்கோ அடியில் போய்விட்டது. பிறகு கிழக்குச் சுவரிலும் ஜேசுபாதம் வெட்டிக் கொடுத்த வழியாகக் கல் வெளியேறி மணலில் இறங்கியது. சென்ற ஆனியில் அலை அதன் அடியைத் தொட்டது. இப்போது முழங்கால் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறது, கரைவலை இழுப்பவர்கள் அதற்கு இடம் விட்டு இழுக்கிறார்கள்.

மழைக்கு முன்பு கிழக்குச் சுவரை அடைத்துவிடலாம் என்று ஜேசுபாதம் செங்கல் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளாடிஸ் வேண்டாம் என்றாள்.

“அடைக்காண்டாம் அண்ணாச்சி. இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டும். போகும்போது அது தனியாப் போயிருக்கு. வரும்போது கூட ஆள் வருவாவல்லா.”

ஜேசுபாதம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “எத்தன பேருளா?”

“ரெண்டு பேரு.”

அவர் இரண்டு பேருக்கு அளவெடுத்து வெட்டினார்.