மூன்றாம் மிக்சரின் சிவப்புப் பூட்டு

மாலை ஷிப்ட் முடிந்ததும், இறந்துபோனவரை ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"மூன்றாம் மிக்சர் ஃபிட்டர் கவனிக்கவும்! உங்கள் பூட்டு இன்னும் மாட்டியிருக்கிறது. உடனே வந்து கழற்றவும். உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு!"

தேன் தடவிய பதிவுக் குரல். மதிலுக்கு இந்தப் பக்கம், கம்பெனிக் குடியிருப்பில், ஃபிட்டரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வந்துடுவார், கத்தாதீங்க," என்றாள் மதிலைப் பார்த்து.

பின்னாலேயே வந்த அவள் தம்பி அவள் கையைப் பிடித்தான். மதிலுக்கு அந்தப் பக்கச் சோப்பு ஆலையில் அவன் எலக்ட்ரீஷியன்.

"அக்கா, மாமா போய்ச் சேர்ந்தாச்சு. நாமதானே அனுப்பி வச்சோம்?"

"அப்போ யாரைடா கூப்பிடறாங்க?"



சோப்புக் குழம்பைக் கலக்கும் மிக்சருக்குள் பழுதுபார்க்க இறங்குகிறவர், அதன் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். அது தொங்கும்வரை மெஷின் ஓடாது. மாட்டியவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. பல உயிர்களைக் காப்பாற்றிய விதி. இறந்த அன்று மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டை மறந்தார். வீட்டு வாசலில் சரிந்தார். சாவி ஆஸ்பத்திரியில் எங்கோ தொலைந்தது. பூட்டுக்குள் இருந்த சிப் மட்டும், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று கம்ப்யூட்டரிடம் சாதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவன் பாதுகாப்பு அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினான். சாப்பிடும்போதும் கழற்றாததால் அவருக்கு 'ஹெல்மெட்' என்று பட்டப்பெயர்.

"படியில கைப்பிடியைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் சார்."

"கடைசிப் படி வரைக்கும்?"

"சார், மாமா பூட்டை வெட்டிடலாம்."

"மாட்டினவர் வரணும்."

"செத்தவர் எப்படி சார் வருவார்?"

"செத்தது ஆஸ்பத்திரிக்குத் தெரியும். மிக்சரை விட்டு வெளியே வந்ததை யார் பார்த்தா?"

"வீட்டு வாசல்ல விழுந்தவர் உள்ளயா சார் இருப்பார்?"

"எனக்குப் புரியுது தம்பி. சிஸ்டத்துக்குப் புரியாதே."

"ஒலிபெருக்கியையாவது நிறுத்துங்க சார். அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுடும். தினமும் தட்டு வச்சுக் காத்திருக்கா."

ஹெல்மெட்டின் விரல்கள் தாடைப் பட்டையை இறுக்கின.

"முன்னே வேலை பார்த்த இடத்துல, 'எல்லாரும் போயாச்சு சார்'னு சொன்னாங்க. நம்பி வெட்டினேன்." சட்டென்று நிறுத்தினார். "போங்க. கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க."

சாப்பாட்டு இடைவேளை. மிக்சர் கூடத்தில் ஈ காக்கை இல்லை. பெரிய கட்டரோடு அவன் பூட்டின் முன் நின்றான். ஒரே அழுத்து. முடிந்துவிடும்.

கை வரவில்லை.

ஒருவேளை...?

சீ, பைத்தியக்காரத்தனம்! என்றாலும் தன் பூட்டை எடுத்து, மாமாவின் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினான். மூடியைத் திறந்தான்.

"மாமா?"

'மாமா' என்றது உள்ளே இருட்டு, அவன் குரலிலேயே.

டார்ச்சோடு இறங்கினான். ராட்சத இரும்புக் கைகள். சோப்பு வாடை. வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு இரும்புக் கைக்கும் பின்னால் எட்டிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, பார்க்காத இடம் கூடிக்கொண்டே போவதுபோல் இருந்தது. உடம்பெல்லாம் வியர்க்க மேலே ஏறி வந்து, தன் பூட்டைக் கழற்றினான். மாமாவுடையதை வெட்டினான்.

சைரன் அலறவில்லை. சுவிட்சுக்கு மேலிருந்த கம்ப்யூட்டர் திரையில் எழுத்து மட்டும் மாறியது. 'மூன்றாம் மிக்சர்: உள்ளே யாரும் இல்லை.'

வேலை போனால் போகட்டும். அக்கா பிழைத்தால் போதும்.

அன்று மாலை ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. அவன் வீட்டுக்கு ஓடினான். கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. அக்கா தலைவாரி, புதுப்புடவை கட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் காணாத சிரிப்பு அவள் முகத்தில்.

"டேய், இன்னிக்குக் கூப்பிடல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்க்கா. இனிமே கூப்பிட மாட்டாங்க."

"ஏன் கூப்பிடப் போறாங்க? அவர்தான் பூட்டைக் கழற்றிட்டாரே! கிளம்பியிருப்பார்." தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வழியை மறைச்சுக்கிட்டு நிக்காதடா. தள்ளி உட்காரு."

அவன் தள்ளி உட்கார்ந்தான்.