பேனரை இன்னும் கழட்டலை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சமூக அக்கறையில் பிறந்தது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

பொறாமை, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரலின் மேல். யாரோ ஓர் ஆண். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் போடப்போகும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிறான். "சடங்கு சுத்துன பேனரைக்கூட இன்னும் கழட்டலைங்க. அந்தப் பொண்ணுக்கு ஊசி போட்டாங்க. இனிமே கொழந்தையே பொறக்காதாம்."

முழுப் பொய். ஆனால் அந்தப் பேனர்! (இத்தனை வருடம் எழுதியும் எனக்கு அப்படி ஒரு விவரம் அகப்பட்டதில்லை.)

2

முதல் தொடக்கம்: நெம்மேலிக் கடலில் அன்று அலைகள்

வேண்டாம். அலைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: அணுபுரம் குடியிருப்பின் வாசலில் சரோஜா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். மகள் ஹரிப்ரியா ஒன்பதாம் வகுப்பு. வியாழக்கிழமை அவள் பள்ளியில் ஊசி.

இது போதும்.

சரோஜாவின் தெருவில் சடங்குப் பேனரை யாரும் கழற்றுவதில்லை. காற்று கிழித்தால்தான் உண்டு. ஹரிப்ரியாவும் கிரீடத்தோடு மின்கம்பத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்ட ஒவ்வொரு வீடும் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்தது.

3

"அது பொய், சரோஜா. இந்த ஊசியால குழந்தை பிறக்காமப் போகாது" என்றேன், இட்லித் தட்டை வாங்கிக்கொண்டே.

"நீ சொன்னா நியூஸ் கேக்குறா மாதிரி கீதுக்கா. அவன் சொன்னா எம் பொண்ணு பேனருதான் கண்ணு முன்னால வருது."

அவள் தம்பி ரமேஷ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், கையில் சாம்பார் வழியச் சிரித்தான். "இன்னாக்கா, நீ கதை எழுதுறவளாமே? அவன் ஒரே நிமிசத்துல தெருவையே அழ வுட்டுட்டான். உன் புக்கை எத்தினி பேர் படிச்சிகீறாங்க?"

நான் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன்.

(இட்லி ஆறியது.)

4

அன்று மாலை நானும் வாட்ஸ்அப்பில் அந்தத் தெருவுக்குப் பேசி அனுப்பினேன்: செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண். அதே புற்றுநோய். கை மெலிந்து வளையல் நிற்காமல், ரப்பர் பேண்ட் சுற்றி நிறுத்தியிருக்கிறாள்.

அப்படி யாரும் இல்லை.

[அந்த நோய் உண்மை. அதில் சாகிற பெண்கள் உண்மை. இவள் மட்டும் நான் செய்தவள். அந்த ரப்பர் பேண்ட் தோன்றிய நொடியில் ஹரிப்ரியா என் நினைவில் இல்லை. அவனை ஜெயித்துவிட்டேன் என்பதுதான் இருந்தது.]

5

புதன் காலை. சரோஜா வண்டி போடவில்லை. நல்ல புடவை கட்டி, பையில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக என் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"உன் வாய்ஸைக் கேட்டதுலேர்ந்து மனசே செரியில்லைக்கா. ஊசி போட்டுர்லாம்னுதான் கீறேன். அதுக்கு முன்ன அவங்கள ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன். ஒடம்பு முடியலன்னு காதுல வுழுந்தப்பறம் பாக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? ரமேசும் வர்றான். அவன் கண்ணால பாத்தாத்தான் அடங்குவான். பேர் இன்னாக்கா? எந்த வார்டு?"

என் கதையை ஒருத்தி இந்த அளவுக்கு நம்பியது இதுதான் முதல் தடவை. முதலில் வந்தது சந்தோஷம்தான். பயம் அதற்குப் பிறகு.

முடிவு அ: ஏதோ ஒரு பெயர் சொல்கிறேன். இருவரும் வார்டு வார்டாகத் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். நாளை ஹரிப்ரியாவைப் பள்ளிக்கு அனுப்பாமல்

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறேன். "அப்ப நீயும் அவனும் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு, அவள்

முடிவு இ: அங்கே நிஜமாகவே ஒருத்தி, கையில் ரப்பர் பேண்ட்டோடு... இல்லை. இது எழுதுகிறவளின் பேராசை.

ரமேஷ் ஹாரன் அடிக்கிறான். சரோஜா என் முகத்தையே பார்க்கிறாள். பேசாமல் இருந்தே பல இடங்களில் தப்பித்தவள் நான். இங்கே அது நடக்காது.

நீங்கள் வந்து என் இடத்தில் நில்லுங்கள். அவளிடம் எதையாவது சொல்லுங்கள், நாளை ஹரிப்ரியா ஊசிக்குக் கையை நீட்டும்படியாக.