அலகில் இருப்பது

குருவிப் படம் எடுக்க யாராவது உற்சாகமாகக் கிளம்பினால், முந்தின நாள் அவர்களுக்குக் கல்யாண வேலை இல்லை என்று அர்த்தம். எனக்குக் கும்பகோணத்தில் ஸ்டுடியோ. ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். மண்டபத்தில் நின்று நின்று கால் வீங்கி வீடு திரும்புகிறவள், விடிந்ததும் கேமராவோடு வரப்பில் போய்க் குந்த வேண்டுமென்றால் அது தலையெழுத்து இல்லை, வாய்க்கொழுப்பு.

எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கம். அப்பா இராஜாங்கம் குத்தகை நிலத்தில் குறுவை போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நெல்லுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. அவர் நாகூருக்குப் போய், தெரிந்தவரான அஸாரிடம் பழைய மீன்வலை வாங்கிவந்து கொட்டகையில் போட்டார். போன வருஷமும் வலை கட்டினார். கத்தரியால் வலை நூலை நறுக்கி, மாட்டிய குருவிகளை எடுத்ததெல்லாம் நான்தான். அப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். முக்கால்வாசி செத்திருந்தன. வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் வலையைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிகள் நெல்லைத் தின்னவில்லை, புழுவைத்தான் பொறுக்குகின்றன என்று அடித்துச் சொன்னேன். வயலில் குச்சி நட்டால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் என்று விவசாய ஆபீசர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதை எல்லாக் குருவிக்கும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. "நீ போட்டோ புடிக்கிறவதானே. அலகுல புழு இருக்கறத எடுத்துக் காட்டு. வலையத் திருப்பிக் குடுத்துடறேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை கெடு.

குருவி என் கட்டைவிரல் பருமன். கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் அலகு தெரியும். கிட்டத்தில் உட்கார்ந்தாலோ முன்னால் ஆடும் கதிரைத்தான் கேமரா பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் முழுக்க நெற்கதிரை அற்புதமாக எடுத்தேன். பின்னால் பழுப்பாக ஏதோ ஒன்று இருந்தது, அதுதான் குருவி.

மறுநாள் ஃபோகஸ் புள்ளியைக் குறுக்கிக் குருவிமேலேயே வைத்தேன். படத்தில் கழுத்து இறகு ஒவ்வொன்றும் தெரிந்தது, முகம் மட்டும் கலங்கியிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படியே. பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் தாலி ஏறும் நொடியைப் பிடித்துப் பிடித்து, அழுத்துகிற நேரத்தில் என் கை தானாகக் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. கல்யாணப்பெண்ணுக்கு அது சரி. குருவிக்கு யார் தாலி கட்டினார்கள்?

புள்ளியைக் கண்ணில் வைத்தேன். கண் தெளிவாக விழுந்தது, அலகு விழவில்லை. பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் பந்தல் கரைந்துபோக வேண்டும் என்று லென்ஸை முழுக்கத் திறந்தே வைக்கிற பழக்கம் எனக்கு. கிட்டத்தில் அப்படி எடுத்தால் நகத்தின் அளவுக்குத்தான் தெளிவு. கண்ணுக்கும் அலகு நுனிக்கும் நடுவிலேயே அது தீர்ந்துவிடுகிறது. அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு வெள்ளெழுத்து. கேமராவைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அலகில் வெள்ளையாக ஒன்று இருந்தது.

"இது புழுவா, நெல்லுப் பாலா?"

எனக்கும் தெரியவில்லை. புழு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஞாயிறு காலை லென்ஸைச் சுருக்கி, ஷட்டரை வேகமாக்கி, வெளிச்சம் நன்றாக ஏறும்வரை காத்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு குருவி பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. அவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் பிடிக்காது, முன்னும் பின்னும் ஓடித் திணறியது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவாக்கிலேயே பின்னால் நகர்ந்தேன். சேறு பாவாடையெல்லாம் ஏறியது. கண்ணில் புள்ளியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

விழுந்தது. கண்ணில் வானம் தெரிந்தது. அலகு நுனிவரை துல்லியம். அலகில் நசுங்கிய நெல்மணி, ஓரத்தில் பால் வழிந்திருந்தது.

அழித்துவிடலாம் என்று கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. ஆனால் எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. சண்டை போடவும் தெம்பில்லை, பொய் சொல்லவும் தெம்பில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே வலையைக் கட்டினோம். முடிச்சுப் போடப் போட எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடியலில் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னாலேயே அப்பா அங்கே இருந்தார். வலைப்பக்கம் குந்திக்கொண்டு, கையில் ஒரு குருவியை வைத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவருவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். உயிர் இருந்தது.

"கிட்டத்துல தெரியலம்மா. நூலு எது, காலு எதுன்னு புரியல. நீ வா."

அவர் பிடித்துக்கொண்டார், நான் நூலை நறுக்கினேன். குருவி சற்று நேரம் அவர் உள்ளங்கையிலேயே கிடந்தது, பிறகு பறந்தது. நான் அடுத்த குருவியைத் தேடினேன். அப்பா எழுந்து மூங்கில் குச்சியில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நெல்லுதானேப்பா திங்குது, நாந்தான் படமே எடுத்துக் காட்டினேனே," என்றேன்.

"காட்டினே. எனக்கு அதுல கண்ணுதான் தெரிஞ்சுது," என்றார். "ராத்திரி பூரா அது என்னயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இந்தா, அந்த முனைய அவுரு."

இப்போது தினமும் விடியலில் அவர் ஒரு வரப்பு, நான் ஒரு வரப்பு. டப்பாவைத் தட்டிக்கொண்டு நிற்கிறோம். முகூர்த்த நாளானால் தட்டிவிட்டு அப்படியே மண்டபத்துக்கு ஓடுகிறேன். தூக்கம் என்பதே இல்லை. கேமராவை வயலுக்கு எடுத்துப் போவதில்லை. ஒரு குருவியும் கிட்டத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் வேலை.