துப்பாக்கி உதைக்கவில்லை என்கிறான் மொன்ஜி

1

இந்தக் கதை எனக்குச் சமையலறைச் சன்னல் வழியாக வந்தது. அடுத்த வீட்டு ஹனியா தன் கணவன் மொன்ஜியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உதைக்குதுன்னு ஒரு தடவை சொன்னா வாய் வெந்துடுமா உனக்கு?"

எனக்குக் கதை இப்படித்தான் வரும், பேச்சாக. முகத்தை நான்தான் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். இந்த வயதில் அது பெரிய தொல்லை.

எங்கள் அயின் த்ராஹம் மலையில், கார்க் மரங்களுக்கு நடுவே மூடுபனி மெல்ல —

(வேண்டாம். ஹனியா மூடுபனியைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியதெல்லாம் தம்பியைப் பற்றி.)

2

போன ஞாயிறு பன்றி வேட்டையில் மொன்ஜி சுட்ட குண்டு பன்றி மேல் படவில்லை. புதருக்குள் நாய்களோடு பன்றியைக் கலைத்துக்கொண்டிருந்த லஸ்ஹரின் தலைக்கு ஒரு முழம் மேலே மரப்பட்டையைப் பிய்த்தது. லஸ்ஹர் ஹனியாவின் ஒரே தம்பி. வருகிற ஞாயிறும் வேட்டை உண்டு.

"தோள் கருநீலமா கெடக்கு. நான் பாக்கலையா?"

"கதவுல இடிச்சேன்."

"போன மாசமும் இதே கதவா?"

(கதவு என் கற்பனை இல்லை. அவனே சொன்னது. இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுத?)

3

ஹனியா அவன் கோட்டுக்குள் தோள் பக்கம் ஆட்டுத்தோலை மடித்துத் தைத்தாள். பிரித்துப் போட்டான். வெடிமருந்து குறைந்த தோட்டா வாங்கி வைத்தாள். "காடை சுடவா போறேன்?" என்றான். லஸ்ஹரும் சொல்லிப் பார்த்தான்.

"துப்பாக்கிக் கட்டையைத் தோளோட ஒட்டி வெச்சு, கொஞ்சம் முன்னால சாஞ்சு நில்லுங்க மச்சான். ஒட்டி வெச்சா தள்ளும். எடம் விட்டா அடிக்கும்."

"எனக்கே பாடமா? நீ தவழும்போது நான் துப்பாக்கி புடிச்சவன்."

வலிக்கிறது என்று தள்ளிப் பிடிக்கிறான். தள்ளிப் பிடிப்பதால்தான் வலிக்கிறது. இதை ஒரு பத்தி விளக்கி எழுதி அடித்துவிட்டேன்.*

* மூன்று பத்தி. பொய் சொல்வானேன்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் ஹனியா ஹரீஸா மிளகாய் விழுது இருந்த காலி டப்பா ஒன்றை நிறுத்தினாள். துப்பாக்கியில் தோட்டாவும் அவளே போட்டுக் கொடுத்தாள். ஏற்கெனவே வெடித்த வெறும் கூடு அது. மொன்ஜிக்குத் தெரியாது.

குறி பார்த்தான். விசையை இழுத்தான். டிக் என்றது, அவ்வளவுதான். ஆனால் அவன் கண் இறுக மூடியிருந்தது. தோள் பின்னால் துள்ளியது. குழல் ஒரு சாண் விலகி நின்றது.

"தோட்டா நமுத்துப் போச்சு" என்றான்.

ஹனியா கூட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "வெடிக்கவே இல்ல. எதுக்குத் துள்ளின?"

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லஸ்ஹர் இங்கே சிரிப்பான் என்று எழுதி வைத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

"சரி மச்சான். ஞாயித்துக்கெழமை நான் எங்க நின்னா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

5

ஒரு முடிவில், மொன்ஜி துப்பாக்கியை லஸ்ஹரிடம் நீட்டிவிட்டு நாய்க்கயிற்றை வாங்கிக்கொள்கிறான். ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், நானும்தான்.

இன்னொன்றில் "உதைக்குதுடா" என்கிறான். நூறு தடவை எழுதிவிட்டேன். நூறு தடவையும் என் குரல்தான் கேட்கிறது, அவன் குரல் இல்லை.

"அந்தக் கதவு இருக்கே" என்று ஆரம்பிக்கிற மூன்றாவதை நான் எழுத மாட்டே —

லஸ்ஹர் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறான். மொன்ஜியின் கையில் வெறும் கூடு. வாய் திறந்திருக்கிறது. சன்னலை அகலத் திறந்து வைத்தும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் காது நன்றாக இருக்கும். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள்.